கங்கையில் துடுப்பு போட்ட கதை

ஞாயிறு இரவு, தபோவன்

தில்லியிலிருந்து ரிஷிகேஷுக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினால் நம் பக்கத்துச் சாலை காலியாக இருக்கும் என்று என் அண்ணன் மகள் கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு தப்பவில்லை. எதிர்ப்பக்கத்தில்தான் வார இறுதியை முடித்துக்கொண்டு தில்லி திரும்பும் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஜன்னலில் ஈரத்துண்டைச் சொருகிக் காயவிட்டபடி போனவர்களும் உண்டு. ராஃப்டிங்குக்கு, அதாவது காற்றடைத்த ராஃப்டில் துடுப்பு போட்டுச் சீறும் ஆற்றில் போவதற்கு, வர நினைக்கிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு: திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வந்தால் ஆற்றில் இருப்பதைவிட அதிக நேரம் சாலையில் இருப்பீர்கள்.

ஜூலை, ஆகஸ்ட் மழையில் இங்கே ராஃப்ட் இறக்க அனுமதி கிடையாது. செப்டம்பர் வாக்கில் திறந்தால் ஜூன் வரை ஓடும். நாங்கள் வந்திருப்பது நவம்பர் தொடக்கத்தில். வெள்ளம் வடிந்து, சேறு அடங்கி, தண்ணீர் பச்சை நிறத்துக்குத் திரும்பிவிட்டது. குளிர் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வளர்ந்தவளுக்கா தெரியாது என்பார்கள். அங்கே வளர்ந்ததால்தான் தெரியாது. மணல் அள்ளிய பள்ளத்தில் யாராவது ஒரு பையன் போய்விட்டான் என்ற செய்தி வராத கோடை எங்கள் தெருவில் இருந்ததில்லை. எங்கள் அம்மாக்கள் பெண்பிள்ளைகளைப் படித்துறையில் முழங்கால் தண்ணீருக்கு மேல் விட்டதும் இல்லை.

ரிஷிகேஷை ஒட்டிய தபோவனில் இரண்டு கடைக்கு ஒரு கடை ராஃப்டிங் கடை. எல்லாக் கடை வாசலிலும் ஒரே பலகைதான்: பிரம்மபுரி 9 கி.மீ., சிவ்புரி 16, மரைன் டிரைவ் 24, கௌடியாலா 36. இவை ஏறும் இடங்கள். இறங்குவது எல்லோரும் ரிஷிகேஷ் பக்கம்தான். எவ்வளவு மேலே போய் ஏறுகிறோமோ அவ்வளவு நீளம், அவ்வளவு சீற்றம். சீற்றத்துக்கு 1 முதல் 6 வரை உலகம் முழுக்க ஒரே படிநிலை வைத்திருக்கிறார்கள். 1 என்றால் சலசலப்பு. 3 என்றால் அலை படகுக்குள் வந்து விழும், ஆனால் வழி தெளிவாக இருக்கும். 6 என்பது மனிதர் போகிற வழியே அல்ல. புதிதாக வருகிறவர்களுக்கு 3 வரை போதும்.

முதலில் நுழைந்த கடையில் இருந்தவர் எங்கள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "36 கிலோமீட்டர் போங்க, அதுலதான் மஜா" என்று ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். நீச்சல் தெரியாது என்றேன். "ஒண்ணும் ஆகாது" என்றார். வயது கேட்கவில்லை, ரத்த அழுத்தம் கேட்கவில்லை, முன்னே போனதுண்டா என்றும் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டோம். மூன்றாவது கடையில் இதையெல்லாம் கேட்ட பிறகுதான் விலையையே சொன்னார்கள். கூட ஒரு பாதுகாப்புக் கயாக் (ஒருவர் ஓட்டும் சிறு படகு) வருமா என்று கேட்டதற்கு, கயாக் ஓட்டுகிற பையனையே கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். அங்கேயே பணத்தைக் கட்டினோம். நாளைக்கு பிரம்மபுரி, ஒரு நாள் விட்டு சிவ்புரி.

"அத்தை, ராத்திரி தூக்கம் வருமா?" என்கிறாள். வரும். அறைக்கு வெளியே நாய்கள்தான் தூங்கவிடுமா என்று தெரியவில்லை.

திங்கள், பிரம்மபுரி

ஜீப்பின் தலையில் ராஃப்டைக் கவிழ்த்துக் கட்டி, எங்களை உள்ளே அடைத்து, பத்ரிநாத் நெடுஞ்சாலையில் மேலே கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ரயில்பாதை வேலை. ரிஷிகேஷிலிருந்து கர்ணபிரயாகை வரை 125 கி.மீ., அதில் பெரும்பகுதி சுரங்கம். சிவ்புரி, ப்யாசி, தேவபிரயாகை எல்லாம் ஸ்டேஷன் ஆகப்போகின்றன. லாரிகள் கிளப்பும் புழுதியில் அந்த நேரத்தில் கங்கை கண்ணுக்கே தெரியவில்லை.

எங்கள் ராஃப்டில் எட்டுப் பேர். நாங்கள் இருவர், காஜியாபாத்திலிருந்து வந்த நான்கு கல்லூரிப் பையன்கள், இந்தோரிலிருந்து ஒரு புதுத் தம்பதி. கைடுக்கு முப்பது வயது இருக்கலாம். டெஹ்ரி பக்கத்துக் கிராமத்துக்காரர். மீசை மழித்த முகம், வெயிலில் வெடித்த உதடு. எல்லாரும் அவரை 'பையா' (இந்தியில் அண்ணா) என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நான் 'ஆன்ட்டிஜி'.

ஆற்றில் இறங்குவதற்கு முன் மணலில் அரை மணி நேரம் பாடம். இந்தப் பயணத்தில் ஒரு நிமிஷம்கூட வீணாகாத அரை மணி அதுதான்.

முதலில் லைஃப் ஜாக்கெட். பட்டைகளை இழுத்துக் கட்டினேன், மூச்சு கொஞ்சம் முட்டியது. போதும் என்று நினைத்தேன். பையா வந்து தோள்பட்டை வார் இரண்டையும் பிடித்து என்னை அப்படியே மேலே தூக்கினார். ஜாக்கெட் என் காதுவரை ஏறியது. "தண்ணிக்குள்ள போனா இது இப்படித்தான் மேலே வரும், நீங்க கீழே போவீங்க" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வாரையும் இன்னும் இரண்டு விரல்கடை இறுக்கினார். மறுபடி தூக்கினார். இம்முறை ஜாக்கெட்டோடு சேர்ந்து நானும் எழுந்தேன். அதன் பிறகுதான் அடுத்த ஆளிடம் போனார். ஹெல்மெட்டையும் நெற்றியில் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஸ்டைலுக்காகப் பின்னால் சாய்த்துப் போட்டிருந்த பையனுக்கு ஒரு செல்லத் தட்டு.

அடுத்தது துடுப்பு. அதன் மேல்முனையில் குறுக்குக் கட்டையாக ஒரு பிடி இருக்கும். உள்ளங்கை எப்போதும் அதை மூடியிருக்க வேண்டும், அலையில் தூக்கிப்போட்டாலும் விடக்கூடாது. விட்டால் அந்தக் கட்டை பக்கத்தில் இருப்பவரின் பல்லைத்தான் தேடும். பையா தன் முன்பல்லைத் தட்டிக் காட்டினார். அது கட்டிய பல்.

உட்காருகிற விதம் நான் நினைத்ததற்கு நேர் எதிர். ராஃப்டுக்குள் இறங்கி உட்கார்வதில்லை. ஓரத்துக் காற்றுக் குழாயின் மேலேயே உட்கார்ந்து, ஒரு பாதத்தை முன்னால் உள்ள குறுக்குக் குழாயின் அடியில் சொருகிக்கொள்ள வேண்டும். உடம்பைப் படகோடு சேர்த்து வைப்பது அந்தப் பாதம்தான். ஓகேனக்கல் பரிசலில் நடுவில் குந்தி, விளிம்பைத் தொடாமல் இருந்தே பழகியவளுக்கு, பாதி இடுப்பு ஆற்றின் மேல் தொங்குவது வயிற்றைக் கலக்கியது.

விழுந்தால் என்ன செய்வது? மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் ஆறு போகும் திசைக்கு நீட்டி, கட்டைவிரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி மிதக்க வேண்டும். பாறை வந்தால் கால் முட்டும், தலை தப்பும். ஆழம் குறைவாகத் தெரிகிறதே என்று எழுந்து மட்டும் நிற்கவே கூடாது. பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டினால், பின்னாலிருந்து வருகிற வேகம் ஆளை முன்னால் மடக்கிப் போட்டுவிடும். இடுப்பளவுத் தண்ணீரிலேயே ஆள் போகும் என்றார். கரையிலிருந்தோ படகிலிருந்தோ கயிற்றுப் பையை வீசுவார்கள். கயிற்றைப் பிடிக்க வேண்டும், பையை அல்ல. கயிற்றைத் தோளுக்கு மேலாகப் போட்டு மல்லாந்தால் முகம் தண்ணீருக்கு வெளியே நிற்கும்.

பிறகு கட்டளைகள்: ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன். கடைசியில் சொன்னதற்கு மட்டும்தான் படகுக்குள் இறங்கிக் கயிற்றைப் பிடிக்கலாம். மற்ற எந்த நேரத்திலும், அலை எவ்வளவு பெரிதாக வந்தாலும், கயிற்றைப் பிடிக்கக்கூடாது, துடுப்பு போட வேண்டும்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். பயந்தால் எதையாவது பிடித்துக்கொள்வதுதானே இயல்பு? கேட்டேன். பையா ஒரு காய்ந்த குச்சியை ஓடும் தண்ணீரில் போட்டார். அது ஆற்றின் வேகத்திலேயே போய்ப் பாறையில் ஒட்டிக்கொண்டது. "நாம ஆத்தோட வேகத்துலயே போனா நானும் அந்தக் குச்சிதான். ஆத்தைவிட வேகமாவோ மெதுவாவோ போனாத்தான் என் கையில திருப்பம் இருக்கும். அந்த வேகத்தைக் கொடுக்கறது நீங்க. நான் பின்னால உட்காந்து திருப்பறேன், அவ்வளவுதான்." இன்னொன்றும் சொன்னார்: தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பே ஒரு பிடிமானம்தான். ஆற்றின் மேல் கையூன்றி நிற்கிற மாதிரி. கயிற்றைப் பிடித்தவன் படகோடு ஆடுவான், துடுப்பை அழுத்தியவன் நிற்பான்.

தலை ஒத்துக்கொண்டது. கை ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஏறினோம். கொஞ்ச தூரம் அமைதியான தண்ணீர், துடுப்புகளை ஒரே தாளத்தில் போடப் பழக்கினார். முன்வரிசை இருவர்தான் தாளம், மற்றவர்கள் அவர்கள் முதுகைப் பார்த்துப் போட வேண்டும். காஜியாபாத் பையன்கள் நால்வரும் நான்கு தாளம். இந்தோர்ப் பெண் முன்வரிசைக்குப் போன பிறகுதான் சரியானது. ஜிம்மில் வளர்த்த புஜமெல்லாம் இங்கே இரண்டாம் பட்சம்.

ஆறு சீறி இறங்குகிற இடத்துக்கு ரேபிட் என்று பெயர். முதல் ரேபிட் வரும்முன் சத்தம்தான் வருகிறது. அடுத்த வளைவுக்குப் பின்னால் ஓயாத ஓர் இரைச்சல், தண்ணீர் எதுவும் கண்ணில் படாது. வளைவு திரும்பியதும் ஆறு நம் கண்ணெதிரே ஒரு படி இறங்குகிறது. பையா "ஃபார்வர்ட்!" என்றார். முன்பகுதி கீழே போய், மேலே எழுந்து, வெள்ளையாக ஒன்று மார்பில் மோதியது. குளிர் என்று சொன்னால் போதாது, பனிமலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர், ஒரு கணம் மூச்சே மறந்துபோனது. துடுப்பு காற்றில் நின்றது. இடது கை தானாகக் கயிற்றுக்குப் போயிருந்தது. "ஆன்ட்டிஜி, ஃபார்வர்ட்!" கையை எடுத்துத் துடுப்பைக் குத்தினேன். அடுத்த அலையில் துடுப்பு நிஜமாகவே கனமாக, ஊன்றுகோல் மாதிரி நின்றது. அதற்குள் ரேபிட் முடிந்துவிட்டது. எல்லாம் பத்துப் பதினைந்து விநாடிதான் இருக்கும்.

படகுக்குள் வந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று குனிந்து பார்த்தேன். இதன் தரையும் காற்றடைத்த மெத்தைதான். ஓரமெல்லாம் துளையிட்டுக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். தரை மிதப்பதால் உள்ளே வந்த தண்ணீர் துளை வழியே தானாக வெளியேறிவிடுகிறது. பரிசல்காரர்கள் டப்பாவால் இறைப்பதைப் பார்த்த எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஹில்டன், டெர்மினேட்டர் என்று வழியில் வந்த ரேபிட்களுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர்தான். 1980-களில் இங்கே ராஃப்டிங்கைத் தொடங்கியவர்கள் வைத்துவிட்டுப் போனவை. பல்லாயிரம் ஆண்டுகளாக மந்திரமும் பாட்டும் பெற்ற ஒரு நதியின் அலைக்கு ஹோட்டல் பெயர் வைத்தது வேடிக்கைதான். பக்கத்து ராஃப்டில் ஒவ்வொரு அலைக்கும் "ஹர் ஹர் கங்கே" கோஷம். இந்தப் பெயர்களோடு அந்தக் கோஷம் ஒத்துப்போய்விட்டது, யாருக்கும் உறுத்தவில்லை.

நீம் பீச்சில் இறங்கும்போது என் உதடு நீலமாக இருந்ததாக அண்ணன் மகள் சொல்கிறாள். கரையில் சூடாக மேகி. ஊரில் வீட்டுக்குள் விடாத பொருள், இரண்டு தட்டு தின்றேன்.

செவ்வாய், தேவபிரயாகை

தோள்பட்டை கழன்று விழுகிற வலி. இன்று தண்ணீருக்குப் போகாதது நல்லது. ஒரு டாக்ஸி பிடித்து, 70 கி.மீ. மேலே தேவபிரயாகைக்குப் போனோம். நாம் மிதந்த ஆறு எங்கே கங்கை என்ற பெயரை வாங்குகிறது என்று பார்க்கத்தான்.

போகும் வழியில் சாலை மேலே, ஆறு பாதாளத்தில். ஒரு வளைவில் டீக்கடை ஓரமாக நின்று கீழே ஓடும் ஒரு ரேபிட்டை வெகு நேரம் பார்த்தேன். நேற்று உள்ளே இருந்தபோது வெறும் குழப்பமாக இருந்தது மேலிருந்து படம்போல் விரிந்தது. இரண்டு பக்கமும் பாறை நெருக்க, நடுவில் வழவழப்பாக ஒரு கரும்பச்சை நாக்கு ஆற்றின் போக்கில் கூம்பி இறங்குகிறது. ராஃப்ட் போகிற வழி அந்த நாக்குதான் என்று பையா சொல்லியிருந்தார். கூம்பு எதிர்த்திசையைக் காட்டினால் அங்கே தண்ணீருக்கடியில் கல் இருக்கிறது, விலக வேண்டும். நாக்கு முடிகிற இடத்தில் வரிசையாக அலைகள். கடலில் அலை நகரும், தண்ணீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். இங்கே தண்ணீர் ஓடுகிறது, அலை நின்ற இடத்தில் நிற்கிறது. பெரிய பாறைகளின் பின்புறம் தண்ணீர் எதிர்ப்பக்கம் சுழன்று மேல்நோக்கி ஓடுகிறது. அந்த இடங்களில்தான் நேற்று ராஃப்டை ஒதுக்கி நிறுத்தி மூச்சு வாங்கவிட்டார்.

கௌடியாலாவிலிருந்து வருகிறவர்களுக்கு நடுவில் 'தி வால்' என்று ஒன்று உண்டு. ஆறு நேராகப் போய்ப் பாறைச் சுவரில் மோதித் திரும்புகிற இடம், இந்தப் பகுதியிலேயே கடுமையானது, படிநிலை 4-க்கு மேல். ராஃப்டைக் கவிழ்ப்பதில் பேர்போனது. புதியவர்களை அதற்கு முன்பே இறக்கிக் கரையோரமாக நடக்கவைப்பது பொறுப்பான கைடுகளின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ரசீதுப் புத்தகத்தைத் திறந்தவரை நினைத்துக்கொண்டேன்.

தேவபிரயாகையில் ஒரு பக்கம் பாகீரதி, மறுபக்கம் அலக்நந்தா. பாகீரதி சத்தம் போட்டுக்கொண்டு வருவதால் மாமியார், அலக்நந்தா அடக்கமாக வருவதால் மருமகள் என்பது உள்ளூர் வழக்கு. இன்று பார்த்தபோது பாகீரதி தெளிந்த பச்சை, அலக்நந்தா சாம்பல் பூத்திருந்தது. பாகீரதியின் மண்ணையெல்லாம் மேலே டெஹ்ரி அணை பிடித்து வைத்துக்கொள்கிறது. 260.5 மீட்டர் உயரம், நாட்டிலேயே உயர்ந்த அணை. நாம் மிதக்கிற தண்ணீரின் ஒரு பங்கு அந்த அணை திறப்பதையும் மூடுவதையும் பொறுத்தது. காலையில் மணலாக இருந்த இடம் மாலையில் தண்ணீருக்குள் போகலாம் என்பதால் கைடுகள் மட்டத்தைப் பார்க்காமல் ராஃப்டை இறக்குவதில்லை.

மேலே ரகுநாதர் கோயில். பெரியாழ்வார் 'கண்டமென்னும் கடிநகர்' என்று பாடிய திவ்யதேசம் இதுதான், 108-இல் ஒன்று. திருவரங்கத்துக்காரி ஒருத்தி இங்கே வந்து நிற்கிறாள் என்று சொன்னதும் அர்ச்சகர் இன்னொரு தடவை கற்பூரம் காட்டினார். படியிறங்கும்போது முழங்கால் நேற்றைய துடுப்பை நினைவுபடுத்தியது.

சங்கமத்துப் படித்துறையில் இரும்புச் சங்கிலிகள் பதித்திருக்கிறார்கள். இழுப்பு அப்படி. ஒரு பாட்டி சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே சிரித்தார். நானும் அப்படியே முழுகினேன். இங்கே பிடித்துக்கொள்வதுதான் சரி. ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கிறவளுக்குச் சங்கிலி, ஓடுகிறவளுக்குத் துடுப்பு. "அத்தை, நல்லா இருக்கே, எழுதிக்கோங்க" என்று கிண்டல் செய்தாள். எழுதிவிட்டேன்.

மாலையில் திரும்பி ராம் ஜூலா தொங்குபாலத்துப் பக்கம் நடந்தோம். பழைய லட்சுமண் ஜூலா பலவீனமாகிவிட்டது என்று 2019-இல் மூட உத்தரவிட்டார்கள், அதனால் நாங்கள் போனபோது நடமாட்டமெல்லாம் ராம் ஜூலாவிலும் 2020-இல் திறந்த ஜானகி சேதுவிலும்தான். சிவானந்தா ஆசிரமத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். 1887-இல் நம் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் டாக்டராக இருந்து, எல்லாவற்றையும் விட்டு இங்கே வந்து 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கியவர் சுவாமி சிவானந்தா. பாய்க்குப் பேர்போன ஊர்க்காரரின் கூடத்தில் விரித்திருந்த ஜமக்காளத்தில், வலித்த தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டேன்.

புதன், சிவ்புரி

அதே பையா, அதே ராஃப்ட். இந்தோர்த் தம்பதி ஊருக்குப் போய்விட்டார்கள். காஜியாபாத் கோஷ்டி தொடர்ந்தது. புதிதாகப் புனேயிலிருந்து அப்பாவும் பதினாறு வயது மகளும். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஏற்றுவதில்லை.

சிவ்புரியில் ஒரு காலத்தில் மணல் நிறைய கூடாரங்கள் இருக்குமாம். ஆற்றங்கரைக் குடில்களுக்கு 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கடுமையான கட்டுப்பாடு போட்டது. 2018-இல் ஒழுங்கான விதிமுறை வரும்வரை ராஃப்டிங்கையே நிறுத்தச் சொன்னது உத்தராகண்ட் உயர் நீதிமன்றம். அந்த மாதங்களில் ஊர்ப் பையன்கள் பலர் வேறு வேலை தேடி தில்லிக்குப் போனார்கள் என்று பையா சொன்னார். அவரும் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாராம். தடை நியாயமா என்று கேட்டேன். "மணல்ல பீர் பாட்டில் பொறுக்கினவன் நான். கேம்ப் போனது நல்லதுதான். ஆனா சோத்துக்கு யாரும் பதில் சொல்லலை." இதற்கு மேல் அதில் நான் சேர்க்க எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று: இன்றும் ராஃப்டிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை ஆற்றில் விட்ட ஒருவரைப் பார்த்தேன், அவர் வாயிலும் "ஹர் ஹர் கங்கே"தான்.

'ரிடர்ன் டு செண்டர்' (அனுப்பியவருக்கே திருப்பு) முதலில். நல்ல ஈரம், நல்ல சிரிப்பு, அவ்வளவே. 'ரோலர் கோஸ்டர்' அதைவிடப் பெரியது. ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்த அலைகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, நம் துடுப்புக்குத் தண்ணீரே கிடைப்பதில்லை. காற்றைத்தான் துழாவுகிறோம். உச்சியைத் தாண்டியதும் குனிந்து ஆழமாகக் குத்த வேண்டும். என் கை இம்முறை கயிற்றைத் தேடவில்லை. அண்ணன் மகள் கை தேடியது! "ஏய், ஃபார்வர்ட்டு!" என்று கத்தினேன். பின்னால் பையா சிரித்தது கேட்டது.

'கோல்ஃப் கோர்ஸ்'. பெயரைக் கேட்டால் புல்தரை ஞாபகம் வரும், ஆனால் இங்கே குழிகள்தான் விசேஷம். மூழ்கிய பாறையின் மேலேறிக் கீழே விழுகிற தண்ணீர் அடியில் ஓடிவிட, மேல்தண்ணீர் திரும்பப் பாறையை நோக்கியே உருளும். அந்தக் குழியில் ராஃப்ட் பக்கவாட்டில் விழுந்தால் கவிழும், நேராகப் போனால் கிழித்துக்கொண்டு வெளியேறும். நேராகத்தான் போனோம். ஆனால் இடது முன்வரிசைப் பையன், ஸ்டைல் ஹெல்மெட்காரன், கேமராவுக்குக் கை காட்ட ஒரு கணம் துடுப்பை எடுத்தான். படகு குலுங்கியது, அவன் இடம் காலியாக இருந்தது.

நான் அவனுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். பையா "ஃபார்வர்ட், ஃபார்வர்ட்!" என்று விடவில்லை. முதலில் ரேபிட்டை விட்டு வெளியேற வேண்டும், ஆள் பிறகு. மனம் கேட்கவில்லை, ஆனாலும் போட்டோம். பையன் ராஃப்டுக்கு இணையாக வந்துகொண்டிருந்தான், மல்லாந்து, கால் நீட்டி, கண் இரண்டும் சோழி மாதிரி விரிந்து. பாடத்தைக் கவனித்திருக்கிறான்! கயாக் பையன் அதற்குள் அவனுக்குக் கீழே வந்து நின்றுவிட்டான். அலை கொஞ்சம் தணிந்ததும் பையா "ஆன்ட்டிஜி, நீங்கதான் பக்கம். இழுங்க!" என்றார்.

மணலில் காட்டித் தந்த முறை இதுதான். கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, தோள் மூட்டு நழுவும். லைஃப் ஜாக்கெட்டின் தோள் வார் இரண்டையும் பிடிக்க வேண்டும். முழங்கால் இரண்டையும் குழாயில் முட்டுக்கொடுத்து, பின்னால் மல்லாந்து விழ வேண்டும். பலத்தால் தூக்குவது இல்லை, நம் எடையே அவனைத் தூக்கும். வாரைப் பிடித்தேன், ஈரத்தில் வழுக்கியது, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு விழுந்தேன். அறுபது கிலோ நனைந்த பையன் என் மேலே வந்து விழுந்தான், அவன் ஹெல்மெட் என் தாடையில். அவன் முதலில் சொன்ன வார்த்தை "சாரி ஆன்ட்டி." இரண்டாவது வார்த்தை "கேமராவுல வந்திருக்குமா?"

வந்திருந்தது. என் கால் இரண்டும் வானத்தைப் பார்க்க, முகம் தெரியாமல், அவன் முதுகு மட்டும். அந்த வீடியோவுக்குத் தனியாகக் காசு கேட்டார்கள். ஏறும் முன்பே வீடியோவுக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள், கரைக்கு வந்த பிறகு பேரம் படியாது.

'கிளப் ஹவுஸ்' தாண்டியதும் ஒரு நீளமான அமைதிப் பகுதி. விருப்பமுள்ளவர்கள் குதிக்கலாம் என்றார். ராஃப்டைச் சுற்றி ஓடும் வெளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஜாக்கெட் கழுத்துவரை ஏறாமல் இருந்த இடத்திலேயே நின்றது. காது தண்ணீருக்குள் போனதும் படகின் சத்தமெல்லாம் அடங்கி, அடியில் மணலும் கூழாங்கல்லும் உருள்கிற மெல்லிய நறநறப்பு மட்டும் கேட்டது. கயிற்றை விட்டுப் பார்த்தேன். மிதந்தேன். விரல் மரத்துப்போனதும் பையா ஜாக்கெட்டைப் பிடித்து மூட்டை மாதிரி உள்ளே போட்டார்.

வியாழன், கிளம்பும் முன்

தலை பின்னக் கை எழவில்லை, அண்ணன் மகள் பின்னிவிட்டாள். தாடையில் நீலத் தழும்பு. அண்ணனுக்கு வீடியோ காலில் அதை மறைக்க ஸ்கார்ஃப் கட்டியிருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பருத்தித் துணி வேண்டாம், நனைந்தால் காயாமல் குளிரை உடம்போடு ஒட்டிவைக்கும். நைலான் அல்லது பாலியஸ்டர் சட்டை போதும். புடவை, துப்பட்டா, தொங்கும் எதுவும் கூடாது. செருப்பு ஆற்றோடு போய்விடும், பின்வார் உள்ள சாண்டல் வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். மோதிரத்தையும் தாலிச் சங்கிலியையும் அறையில் கழற்றி வையுங்கள், கங்கையில் போட்டால் புண்ணியம்தான், ஆனால் வீட்டில் கேட்பார்கள். இதய நோய், வலிப்பு, கழுத்து முதுகுப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் கரையிலேயே இருந்துவிடுங்கள். குடித்துவிட்டு ஏறாதீர்கள், குடித்தவர்களை ஏற்றிக்கொள்கிற கடையில் மற்றவர்களும் ஏறாதீர்கள்.

கடையில் கணக்கு முடிக்கும்போது அண்ணன் மகள் மரைன் டிரைவ் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். பையா என்னைப் பார்த்து, "மார்ச் கடைசியில வாங்க ஆன்ட்டிஜி, தண்ணி இதமா இருக்கும். முன்வரிசை உங்களுக்கு" என்றார். பள்ளியில் அப்போது பொதுத்தேர்வு, எனக்கு லீவு கிடைக்காது. ஏப்ரல் கடைசியில் முடியுமா என்று கேட்டேன். அப்போது பத்ரி, கேதார் போகிற சார்தாம் யாத்திரைக் கூட்டம் தொடங்கிவிடும், சாலை நகராது, வாரநாளாகப் பார்த்து விடிகாலையில் ஏறினால் சமாளிக்கலாம் என்றார். டாக்ஸி ஹாரன் அடிக்கிறது.